மஸ்கி சக்கர் மீனை கவ்வுது, இழுத்தா விட்டுட்டு போயிடுது. உயிர் இரை போட்டு மஸ்கி வாய்ல தூண்டில் முள்ளு மாட்ட என்ன பண்ணணும்?

வாபீசா வேலன்:

எல்லாருக்கும் வணக்கம். விஸ்கான்சின்ல மேடிசன் பக்கம் இருக்கேன், மோனோனா, வாபீசா ரெண்டு ஏரிக்கும் தான் அதிகமா போறது. கோடைல லூர் (செயற்கை இரை) வீசி மஸ்கி (நீளமான பெரிய வேட்டை மீன்) பிடிக்கிறது ஓரளவுக்கு கை வந்துடுச்சு, ஆனா அக்டோபர் பாதி தாண்டி தண்ணி குளிர்ந்ததும் லூர் பின்னாடி வந்து பாத்துட்டு அப்படியே இறங்கிடுது, அதனால எல்லாரையும் போல நானும் உயிரோட சக்கர் மீன் (கடைல இரைக்குன்னு விக்கிற மீன்) போட ஆரம்பிச்சேன். கடி வருது, அதுல குறையே இல்ல. பிரச்சினை அதுக்கு அப்புறம் தான்.

ரீல்ல இருக்கிற கிளிக்கர் (லைன் ஓடினா சத்தம் போடுறது) கரகரன்னு கத்தும், லைன் ஓடும், நான் ராடை எடுத்து ரீலை லாக் பண்ணி ஓங்கி ஒரு இழுப்பு இழுப்பேன், நல்ல கனம் தெரியும், தலையை ரெண்டு உதறு உதறும், அவ்ளோதான் லைன் லேசாயிடும். சக்கரை மேல எடுத்து பாத்தா நடு உடம்புல ரெண்டு பக்கமும் பல்லு பதிஞ்சு செதில் வழிச்செடுத்த மாதிரி இருக்கு, ஆனா முள்ளு ரெண்டும் நான் குத்தின எடத்துலயே, சில நேரம் அதை விட ஆழமாவே, சக்கரோட சதைல புதைஞ்சு கிடக்கு. மஸ்கி வாயை தொட்ட மாதிரியே தெரியல.

நான் யூஸ் பண்றது கடைல ரெடியா விக்கிற க்விக் ஸ்ட்ரைக் ரிக் (கடிச்ச உடனே முள்ளு ஏத்துற மாதிரி கட்டின அமைப்பு), ரெண்டு ட்ரெபிள் ஹூக் (மூணு முனை முள்ளு), ஒண்ணு செவுளுக்கு பின்னாடி, இன்னொண்ணு வால் பக்கத்துல. சக்கர் 15, 16 இஞ்ச் இருக்கும். 80 பவுண்ட் தாங்குற பிரெய்ட் (பின்னின லைன்), எட்டடி ஹெவி ராட். ஒரு சக்கர் போட்டுக்கு நேர் கீழ, இன்னொண்ணு பெரிய தக்கை போட்டு பின்னாடி ஒரு 40 கஜம் தள்ளி விடுவேன். போட் இறக்குற எடத்துல ஒரு பெரியவர் "அவசரப்படுற, அது முழுங்குற வரைக்கும் விடு, அரை மணி நேரம் ஆனாலும் விடு"ன்னு சொன்னாரு. எனக்கு அதுல மனசு ஒப்பல, ஏன்னா நான் பிடிக்கிற எல்லா மீனையும் திரும்ப விடுறவன். காத்திருக்காமலே முள்ளு ஏத்த வழி இருக்கா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

முள்முனை:

வேலன், அந்த பெரியவர் சொன்னதை மட்டும் செய்யாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். ஒரு காலத்துல அதான் வழக்கம், சக்கர் மூக்குல ஒரே ஒரு பெரிய ஹூக்கை மாட்டி விட்டு மஸ்கி அதை திருப்பி தலைப்பக்கமா முழுங்குற வரைக்கும் காத்திருந்து வயித்துல முள்ளு ஏத்துறது. பிடிச்ச நேரத்துல மீன் நல்லா தெம்பா நீந்தி போகும், பிடிச்சவரும் சந்தோஷமா வீட்டுக்கு போவாரு. ஆனா விஸ்கான்சின் டி.என்.ஆர் (மாநில இயற்கை வளத் துறை) ஆராய்ச்சியாளர் ஒருத்தர் இதை சோதிச்சு 2007ல வெளியிட்டாரு, அப்படி முழுங்க விட்டு பிடிச்ச மீன்ல முதல் நாளே செத்தது அஞ்சுல ஒண்ணு அளவுக்கு, ஆனா ஒரு வருஷத்துக்குள்ள போய் சேர்ந்தது 80 சதவீதத்துக்கும் மேல. முள்ளு வயித்துலயும் ஈரல்லயும் ஏறி மெல்ல கொல்லுது. நம்ம கண்ணு முன்னாடி சாகாததால யாருக்கும் உறைக்கல. ஒரு மஸ்கி 40 இஞ்ச் தொட பல வருஷம் ஆகும், அதை இப்படி போக விடுறது எனக்கு தாங்காது.

அது போக இப்ப விஸ்கான்சின்ல சட்டமும் அப்படித்தான், 8 இஞ்சுக்கு குறையாத மீனை இரையா போட்டு மஸ்கி பிடிக்கணும்னா ஒண்ணு க்விக் ஸ்ட்ரைக் ரிக் இருக்கணும், கடி தெரிஞ்ச உடனே முள்ளு ஏத்த முயற்சி பண்ணணும், இல்லனா முனை பக்கவாட்டுல திரும்பாத சர்க்கிள் ஹூக் (முனை தண்டை பாத்து உள்பக்கமா வளைஞ்ச முள்ளு) இருக்கணும். ஆக "அரை மணி நேரம் விடு"ங்கிற பேச்சுக்கே எடமில்ல.

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். முள்ளு சக்கர் சதைலயே புதைஞ்சு இருக்குன்னு எழுதிருக்கீங்க பாருங்க, உங்க கேள்விக்கு பதில் அந்த ஒரு வரிலயே இருக்கு. மஸ்கி ஒரு பெரிய இரையை குறுக்கா கவ்வும், கவ்வினதும் தாடையை பூட்டிக்கும். அந்த பிடில சக்கர் அசையாது. சக்கர் அசையலனா அதோட ஒட்டி இருக்கிற முள்ளும் அசையாது. நீங்க 80 பவுண்ட் பிரெய்ட்ல எவ்ளோ ஓங்கி இழுத்தாலும் மஸ்கி பல்லால பிடிச்சிருக்கிற ஒரு மீனை தான் இழுக்கிறீங்க, தலையை உதறுறது முள்ளு குத்தி இல்ல, இரையை யாரோ பிடுங்குறாங்கன்னு. போதும்னு தோணுறப்ப வாயை திறந்து விட்டுடும். அது வரைக்கும் தெரிஞ்ச கனம் முழுக்க அதோட பிடி மட்டும் தான்.

ஆக முள்ளு சக்கரை விட்டு சுலபமா கழண்டு வரணும், அதான் எல்லாமே. ட்ரெபிள்ல மூணு முனை இருக்கு, அதுல ஒண்ணை மட்டும், அதுவும் தோலுக்கு அடியில மட்டும், ஊசில நூல் எடுக்கிற மாதிரி ஒரு நுனி உள்ள போய் வெளிய வர்ற அளவுக்கு குத்துங்க. சதைக்குள்ள போகவே கூடாது. மத்த ரெண்டு முனையும் முழுசா வெளிய, சக்கர் உடம்பை விட்டு விலகி நிக்கணும். விரலால ட்ரெபிளை மெதுவா இழுத்து பாருங்க, தோல் கிழிஞ்சு வர்ற மாதிரி இருந்தா சரியா குத்திருக்கீங்க, சக்கரே சேர்ந்து தூக்கினா ஆழம் அதிகம். சக்கர் தோல் நீங்க நினைக்கிறதை விட ரொம்ப கெட்டி, கொஞ்சம் ஆழமா போனாலே விடாது. இன்னும் நல்ல வழி என்னன்னா குத்தவே குத்தாம சின்ன ரப்பர் பேண்டை சக்கர் உடம்பை சுத்தி போட்டு அதுல ஒரு முனையை சொருகி வைக்கலாம், இழுத்ததும் ரப்பர் விட்டுடும், மூணு முனையும் உங்களுக்கு கிடைக்கும். ஒரு முனை மட்டும் சின்னதாவும் மத்த ரெண்டும் பெருசாவும் வர்ற ட்ரெபிளும் இருக்கு, சின்ன முனை இரைக்கு, பெருசு ரெண்டும் மீனுக்கு, இதுக்குன்னே செஞ்சது. சக்கரோட கனத்தை தாங்குறது மூக்குல மாட்டுற கிளிப்போட வேலை, ட்ரெபிளோட வேலை இல்ல, இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி தானா புரியும்.

அடுத்தது எடம். பின்னாடி ட்ரெபிளை வால் பக்கத்துல வச்சா அது வீண். நடு உடம்புல பல்லு பதிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்றீங்க, அது கவ்வுற எடத்துல தான் முள்ளு இருக்கணும். ஒண்ணை மார்புத் துடுப்புக்கு பின்னாடி, இன்னொண்ணை முதுகுத் துடுப்புக்கு நேரா அல்லது ஒரு இஞ்ச் பின்னாடி வைங்க. நான் ஒண்ணை இடது பக்கமும் இன்னொண்ணை வலது பக்கமும் வைப்பேன், எந்தப் பக்கத்துல இருந்து கவ்வினாலும் ஒரு ட்ரெபிள் வாய் மூலைல இருக்கும்.

முனையை நகத்துல வச்சு இழுத்து பாருங்க, வழுக்கிட்டு போனா அது மஸ்கி வாய்க்கு ஆகாது. அந்த வாய் முழுக்க எலும்பும் பல்லும், கூர் இல்லாத முள்ளுக்கு பிடிக்க எடமே கிடையாது. புது பாக்கெட்ல இருந்து எடுத்ததையும் அரம் போட்டு தான் நான் தண்ணில விடுவேன்.

கரையோரம் கதிர்:

முள்முனை சொன்ன ரிக் விஷயத்துல ஒரு சொல்லு மாத்த வேண்டியதில்ல. ஆனா ரிக் சரியா இருந்தும் மீன் போகும், ஏன்னா பாதிப் பேர் தப்பான தூரத்துல, தப்பான திசைல இழுக்கிறாங்க. வேலன், அந்த 40 கஜம் தள்ளி விட்ட தக்கையை பத்தி பேசுவோம்.

40 கஜத்துல என்ன நடக்குதுன்னு யோசிங்க, போட்ல இருந்து தக்கைக்கு லைன் தண்ணி மேல கிடக்கு, காத்துல வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு, தக்கைல இருந்து சக்கருக்கு செங்குத்தா இறங்குது, மஸ்கி கவ்வினதும் அது இன்னொரு பக்கம் போகுது. நீங்க இழுக்கிற இழுப்பு முதல்ல அந்த வளைவை நிமிர்த்தணும், அப்புறம் தக்கையை இழுக்கணும், அப்புறம் தான் மீனுக்கு போய் சேரணும். போய் சேர்றப்ப மிச்சம் இருக்கிறது ஒண்ணுமே இல்ல. பிரெய்ட் நீளாதுன்னு நம்பிக்கிட்டு இருப்பீங்க, நீளாது தான், ஆனா வளைஞ்ச லைன் நிமிரும், ரெண்டும் ஒண்ணு தான்.

அதனால தக்கை லைனை 10, 15 கஜத்துக்குள்ள வைங்க. மஸ்கிக்கு போட் பயம் அவ்ளோ கிடையாது, போட் பக்கத்துல லூரை எட்டு வடிவத்துல சுத்துறப்ப வந்து அடிக்கிற மீன் இது. பக்கத்துல இருந்தா இன்னொரு நன்மையும் உண்டு, சட்டம் "உடனே"ன்னு சொல்லுது, 40 கஜம் தள்ளி இருக்கிற மீன் மேல போட்டை கொண்டு போய் நிறுத்துறதுக்குள்ள உடனேங்கிறது போயிடும். பக்கத்துல இருந்தா ட்ரோலிங் மோட்டாரை (போட்டை மெதுவா நகர்த்துற சின்ன மோட்டார்) ரெண்டு தட்டு தட்டினா மேல வந்துடலாம்.

கடி வந்ததும் நான் செய்றது என்னன்னா, ஒரு கைல ராடை எடுத்து கட்டை விரலை ஸ்பூல் (ரீல்ல லைன் சுத்தின உருளை) மேல வச்சுக்கிட்டு கிளிக்கரை ஆஃப் பண்ணிடுவேன். கூட இருக்கிறவர் மத்த லைன் எல்லாத்தையும் எடுத்துடணும், அது அவரோட ஒரே வேலை. மோட்டாரை மீன் போற பக்கம் திருப்பி போய்க்கிட்டே தொய்வை சுத்தி எடுப்பேன், இறுக்க மாட்டேன், தொய்வு மட்டும். தக்கை நகர்ற தக்கையா இருக்கணும், ராட் நுனி வரைக்கும் ஏறி வர்ற மாதிரி, நிலையா கட்டின தக்கைன்னா அது ராட் நுனில இடிச்சு நின்னுடும், கீழ இன்னும் பத்தடி லைன் இருக்கும், என்ன பண்ணுவீங்க? லைன் ஏறத்தாழ நேர் கீழ வந்ததும் ராட் நுனியை தண்ணிக்கு பக்கத்துல இறக்கி, இன்னும் ஒரு சுத்து, ரெண்டு சுத்து, உயிருள்ள கனம் கைக்கு தெரியும். அதுக்கு அப்புறம் தான் இழுப்பு.

இழுக்கிற திசை தான் நிறைய பேர் யோசிக்காத விஷயம். மஸ்கி உங்களை பாத்து நிக்குதுன்னு வைங்க, அப்ப இழுத்தா இரையை அது வாய்ல இருந்து முன்னாடி உருவி எடுக்கிறீங்க, முள்ளு பிடிக்க எதுவுமே வழில இல்ல. அது உங்களை விட்டு விலகி போகுதுன்னா நீங்க பின்னாடி இழுக்கிறப்ப சக்கர் வாய்க்குள்ள நகரும், முள்ளு வாய் மூலைல போய் மாட்டும். குறுக்கா போகுதுன்னா அது போற திசைக்கு எதிர் பக்கமா, ராடை பக்கவாட்டுல தாழ்வா வச்சு இழுங்க. லைன் உங்க பக்கமா வருதுன்னா போட்டை தாண்டி போக விடுங்க, தாண்டின அந்த நொடி இழுங்க, அது சில செகண்ட் தான் ஆகும்.

இழுப்பு டிவில பாக்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டி நிறுத்துறது இல்ல. நீளமா, முழு உடம்பையும் திருப்பி, ராட் போற வரைக்கும் போய், அங்கயும் நிறுத்தாம சுத்திக்கிட்டே இருக்கணும். தாடை பூட்டுல சக்கரை ஒரு ரெண்டு இஞ்ச் நகர்த்தணும், அதுக்கு தான் இவ்ளோவும். ட்ராகை (லைன் ஓடுறதை தடுக்கிற ரீலோட பிரேக்) கைல லைனை சுத்தி இழுத்து பாருங்க, சுலபமா வந்தா இறுக்குங்க, முள்ளு ஏறின அப்புறம் வேணும்னா தளர்த்திக்கலாம்.

வாபீசா வேலன்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. முள்ளு ஆழமா குத்தினது தான் காரணம்னு இப்ப தெளிவா புரியுது, சக்கர் உதறி கழட்டிடுமோன்னு பயந்து நல்லா அழுத்தி குத்திட்டு இருந்தேன், கிளிப் கனத்தை தாங்கும்னு தோணல. இன்னும் ரெண்டு சந்தேகம். சக்கர் சைஸ் ஒரு காரணமா இருக்குமா, 16 இஞ்ச் பெருசா? அப்புறம் சர்க்கிள் ஹூக் பத்தி முள்முனை ஒரு வார்த்தை சொல்லிட்டு விட்டுட்டீங்க, அதை யாராவது யூஸ் பண்றீங்களா?

கவர்த்தா தம்பி:

வணக்கம் வேலன் அண்ணை. நான் ஒன்டாரியோவில இருக்கிறன், கவர்த்தா ஏரியள் பக்கம் தான் கூடுதலா போறனான். இங்க அநேகமான ஏரியில ஒரு ஆளுக்கு ஒரு லைன் தான் விடலாம், அதால அந்த ஒரு கடியை விட ஏலாது, அதுக்காக நான் சர்க்கிள் ஹூக்குக்கு மாறினனான், திரும்பிப் பாக்கேல்ல.

முதல்ல ஒண்டு விளங்கோணும், கதிர் அண்ணை சொன்ன அந்தப் பெரிய இழுப்பு சர்க்கிள் ஹூக்குக்கு கூடவே கூடாது. ஓங்கி இழுத்தியள் எண்டா முள் வாயுக்கு வெளியால வந்திடும். மீன் இரையை வாயில வைச்சுக்கொண்டு விலகிப் போகேக்க ரீலைப் பூட்டி, தொய்வை எடுத்து, இறுக இறுகச் சுத்திக்கொண்டே இருக்கோணும், அவ்வளவு தான். முள் உள்ளுக்கு இருந்து வழுக்கிக்கொண்டு வந்து தாடை மூலையில தானாத் திரும்பிப் பிடிக்கும். ராடைத் தூக்கவே தேவையில்லை, பாரம் ஏறினாப் பிறகு மெல்லமா வளைச்சாக் காணும். கை பழகிறது தான் கஷ்டம், மனசு இழு இழு எண்டு சொல்லும்.

இதில கூடப் பேர் விடுற பிழை என்னவெண்டா முள்ளைச் சக்கரின்ர மேல் சொண்டுக்குள்ளால நல்லா இறக்கிக் குத்திறது. சர்க்கிள் ஹூக்கின்ர முனைக்கும் தண்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளி திறந்து இருக்கோணும், அதுக்குள்ள இரையின்ர தலை வந்து அடைச்சுக்கொண்டால் எங்க போய் பிடிக்கிறது? நான் முள்ளை மீனுக்குள்ள குத்திறதே இல்லை, மூக்கு ஓட்டையளுக்குள்ளால மெழுகு நூலை ஊசியால கோத்து ஒரு சின்னத் தடம் (வளையம்) கட்டி, அந்தத் தடத்தில முள்ளைக் கொழுவி விடுறது. முள் முழுக்க வெளியால நிக்கும், சக்கரும் கனநேரம் உயிரோட நீந்தும். நான் 9/0, 10/0 அளவு பாவிக்கிறனான். முனை பக்கமாத் திரும்பின மாதிரி வளைஞ்ச ஹூக்கை வாங்காதேங்கோ, அதுகள் தொண்டையில பிடிச்சிடும், பிறகு சர்க்கிள் ஹூக் எண்டு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒன்டாரியோ ஆக்கள் ஆரும் வாசிச்சா, இரைமீனை நீங்கள் பிடிக்கிற வலயத்துக்குள்ளயே வாங்கி ரசீதை வைச்சிருங்கோ, இங்க ஒரு வலயத்தில இருந்து இன்னொரு வலயத்துக்கு உயிர் இரை கொண்டு போகக் கூடாது.

முள்முனை:

தம்பி சொன்ன நூல் தடம் ரொம்ப நல்ல விஷயம், அதை நான் முழு மனசோட ஒத்துக்கிறேன். ஆனா வேலனுக்கு ஒண்ணு சொல்லணும். சர்க்கிள் ஹூக் தலைப்பக்கத்துல மட்டும் இருக்கு, உங்க மீன் நடுவுல கவ்வுது. 16 இஞ்ச் சக்கரை நடுவுல குறுக்கா கவ்வின மஸ்கி வாய்க்குள்ள அந்த முள்ளு இருக்கவே இருக்காது, வாய்க்கு வெளிய ஒரு அஞ்சாறு இஞ்ச் தள்ளி தொங்கிட்டு இருக்கும். அது திருப்பி தலைப்பக்கமா எடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும், காத்திருக்கிறது எங்க போய் முடியும்னு மேலயே சொல்லிட்டேன். அதனால சின்ன சக்கருக்கு சர்க்கிள் ஹூக், பெரிய சக்கருக்கு ரெண்டு ட்ரெபிள் போட்ட க்விக் ஸ்ட்ரைக், என் முடிவு இதான்.

கவர்த்தா தம்பி:

அது சரி தான் அண்ணை, நான் 12 இஞ்சுக்கு மேல போடுறேல்லை. அதைச் சொல்லாம விட்டது என்ர பிசகு. சின்னச் சக்கரைப் பெரிய மஸ்கி ஒரே வாயில எடுக்கும், திருப்பிற வேலையே இல்லை.

ஹேவர்ட் மாமா:

சைஸ் பத்தி கேட்டதால சொல்றேன் தம்பி. நான் வடக்கு விஸ்கான்சின்ல சிப்பெவா ஃப்ளோயேஜ்ங்கிற பெரிய நீர்த்தேக்கத்தை சுத்தி நிறைய வருஷமா சக்கர் போடுறவன். பெரிய இரைக்கு பெரிய மீன்னு ஒரு நம்பிக்கை எல்லாருக்கும் இருக்கு, அது பொய்யில்ல, ஆனா இரை பெருசாக பெருசாக முள்ளு ஏறுற வாய்ப்பு குறையுது. காரணம் சுலபம், 16 இஞ்ச் சக்கர் உடம்பு தடிமன், மஸ்கி வாய் பாதி திறந்தே நிக்கும், ட்ரெபிள் 1/0 சைஸ்ல இருந்தா சக்கரோட வயித்து வளைவுக்குள்ளயே மறைஞ்சுடும். பெருசு போடணும்னா ட்ரெபிளையும் 2/0, 3/0ன்னு கூட்டுங்க. 12லிருந்து 14 இஞ்ச் சக்கர், நல்ல 2/0 ட்ரெபிள், இது நவம்பர் பூரா எனக்கு போதும்.

சைஸை விட எனக்கு முக்கியம் சக்கர் எப்படி இருக்குங்கிறது. களைச்சு போய் வயித்தை காட்டிட்டு தொங்குற சக்கரை மஸ்கி நுனி வாய்ல எடுத்து பாக்கும், எடுத்துட்டு போடும். துடிப்பா ஓடுற சக்கரை விட்டா தப்பிச்சிடுமேன்னு அடிக்கிற அடி இருக்கே, அது நல்லா வாய் நிறைய இருக்கும். கடைல வாங்குறப்ப முதுகுல வெள்ளை படிஞ்சது, செதில் உரிஞ்சது எடுக்காதீங்க, தொட்டில கீழ தலையை வச்சுக்கிட்டு கைக்கு அகப்படாம ஓடுறதை கேட்டு வாங்குங்க. போட்ல பெரிய தொட்டி, காத்து பம்ப், குளிர்ந்த தண்ணி. ஏரில விட்டதும் அது அசையாம நின்னா மூக்கு கிளிப் நேரா இருக்கான்னு பாருங்க, ஒரு பக்கமா சாய்ஞ்சு மாட்டியிருந்தா சுத்திக்கிட்டே இருந்து லைனை முறுக்கிடும்.

சக்கரை கவனிக்க பழகுங்க, கடிக்கு முன்னாடியே அது சொல்லிடும். சும்மா கிளிக்கர் ஒண்ணு ரெண்டு டிக் வந்துட்டு இருந்தது திடீர்னு டிக்டிக்டிக்னு அடிச்சா, ராட் நுனி துடிச்சா, அல்லது தக்கைக்கு கீழ இருந்த சக்கர் மேல ஏறி வந்து தண்ணியை உடைச்சா, கீழ ஒண்ணு வந்து நிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரத்துல ராடை எடுத்து கைல வச்சுக்கங்க, மோட்டாரை தயாரா வைங்க, கூட இருக்கிறவரை லூர் வீசுறதை நிறுத்த சொல்லுங்க. கடி வந்த அப்புறம் ஓடிப் போய் ராட் எடுக்கிறவனுக்கும் ஏற்கெனவே கைல வச்சிருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த முதல் பத்து செகண்ட் தான்.

கவ்வின நேரத்துல அது எந்த தடையும் உணரக் கூடாது, ஸ்பூல் ஃப்ரீயா, கிளிக்கர் மட்டும் லேசா. சக்கர் தானா லைனை இழுத்துட்டு போகாத அளவுக்கு இருந்தா போதும். தக்கையும் அப்படித்தான், சக்கரை தாங்குற அளவுக்கு மேல ஒரு பொட்டு கூட பெருசா வேண்டாம், பெரிய தக்கையை கீழ இழுக்கிறப்ப மஸ்கிக்கு தெரியும், விட்டுடும்.

போட்டுக்கு நேர் கீழ போடுற சக்கர் தான் எப்பவும் அதிகமா முள்ளு ஏறும், தக்கை இல்ல, வளைவு இல்ல, நேர் கோடு. லூர் பின்னாடி வந்து பாத்துட்டு இறங்கிடுதுன்னு சொன்னீங்கல்ல, அந்த மீன் நேரா கீழ இருக்கிற சக்கர் கிட்ட தான் போகும். தரைல இருந்து நாலஞ்சு அடி மேல, பாசி ஓரத்து விளிம்புல, மெதுவா நகர்ந்துக்கிட்டே இருங்க. விஸ்கான்சின்ல மூணு லைன் அனுமதி இருக்குன்னு ஆளுக்கு மூணு போட்டு சிக்கல் பண்ணிக்காதீங்க, ஒரு ஆளுக்கு ஒரு சக்கர், கைல ஒரு லூர்.

கரையோரம் கதிர்:

மாமா சொன்னதுல அந்த ராடை முன்னாடியே கைல எடுக்கிறது தங்கமான விஷயம்.

முள்ளு ஏறின அப்புறம் நடக்கிறதையும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ரெண்டு ட்ரெபிள் போடுறவங்க கட்டாயம் கேக்கணும். அஞ்சு முனை, ஆறு முனை வாய்ல, வலைல, சில நேரம் செவுள் ஓரத்துல எல்லாம் மாட்டி இருக்கும். பெரிய ரப்பர் பூசின வலை, நீளமான இடுக்கி, அதை விட முக்கியமா முள்ளு வெட்டுற கட்டர் கைக்கு எட்டுற எடத்துல இருக்கணும். கழட்ட பத்து செகண்டுக்கு மேல ஆகும்னு தெரிஞ்சா யோசிக்காம தண்டை வெட்டி விடுங்க, ட்ரெபிள் விலை பெருசில்ல. வலையை தண்ணிலயே தொங்க விட்டு மீனை தண்ணிக்குள்ளயே வச்சு வெட்டுங்க. நவம்பர் கடைசில காத்து உறைநிலைக்கு கீழ இருக்கிறப்ப மீனை மேல தூக்கி வச்சு ஃபோட்டோ எடுத்துட்டு இருந்தா கண்ணும் செவுளும் உறைஞ்சு போகும், ஃபோட்டோ எடுக்கிறவர் ரெடின்னு சொன்ன அப்புறம் தூக்குங்க, ஒரு தடவை, உடனே கீழ.

வாபீசா வேலன்:

இந்த சனிக்கிழமைக்கு புது ரிக் நானே கட்டிடுறேன், 13 இஞ்ச் சக்கர், ரப்பர் பேண்ட், தக்கை லைன் 12 கஜம். கடைசியா ஒண்ணு மட்டும், லீடர் (மீன் பல்லை தாங்க லைன் நுனில கட்டுற துண்டு) வயரா ஃப்ளூரோகார்பனா (ஒரு வகை பிளாஸ்டிக் இழை), எவ்ளோ நீளம் வைக்கணும்? சில பேர் ஃப்ளூரோ தான் கண்ணுக்கு தெரியாதுன்னு சொல்றாங்க.

முள்முனை:

ரிக்குக்கு, அதாவது ரெண்டு ட்ரெபிளையும் இணைக்கிற பகுதிக்கு, பல இழை முறுக்கின வயர் 60லிருந்து 90 பவுண்ட், அது வளையணும், சக்கர் உடம்போட ஒட்டி நிக்கணும், ஃப்ளூரோ விறைப்பா நின்னு ட்ரெபிளை தள்ளி விட்டுடும், பல்லும் நேரா அங்க தான் படும். அதுக்கு மேல லீடர் 130 பவுண்ட் ஃப்ளூரோ ரெண்டடி, மூணடி போட்டுக்கலாம், அது உங்க விருப்பம். கட்டின ரிக்கை சனிக்கிழமை வரைக்கும் வைக்காம வீட்லயே ஒரு தடவை சோதிச்சு பாருங்க, மூக்கு கிளிப்புல இருந்து முதல் ட்ரெபிளுக்கு உள்ள நீளம் சக்கரோட தலைல இருந்து மார்புத் துடுப்பு தாண்டுற அளவுக்கு கொஞ்சம் தொய்வா இருக்கணும், இறுக்கமா இருந்தா சக்கர் ஒவ்வொரு தடவை வாலை அடிக்கிறப்பவும் ட்ரெபிள் பிடுங்கிக்கும், நீங்க அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்து மாட்டிட்டு இருப்பீங்க.